மிலிட்டரி ஸ்கூல் டீச்சருக்கு பென்ஷன் வருமா? எப்படி பாக்கறது

வேலூர் பக்கம் பட்டாளத்துக்காரங்க வீடு ஜாஸ்தி, கம்மவான்பேட்டை பேரே மிலிட்டரிபேட்டைன்னு ஆன ஊருங்க, அதனால ஆர்மி ஸ்கூல்ல வேலைன்னா பட்டாளத்து பென்ஷன் மாதிரியே நமக்கும் வரும்னு நிறைய டீச்சருங்க நெனச்சிக்கறாங்க. எல்லாருக்கும் அப்படி வராது.

மொதல்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர எடுத்து எந்த நிர்வாகம்னு பாருங்க, முக்காவாசி பதில் அதுலயே இருக்கு. ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூல்னா பாதுகாப்பு அமைச்சகம், ரெகுலர் போஸ்ட்ல இருந்தா நீங்க மத்திய அரசு ஊழியர், 2004 ஜனவரி 1க்கு முன்ன சேர்ந்தவங்களுக்கு பழைய பென்ஷன், அப்புறம் சேர்ந்தவங்களுக்கு என்பிஎஸ் (மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சி சேக்கற புது பென்ஷன் திட்டம்). சைனிக் ஸ்கூல நடத்தறது ஒரு சொசைட்டி (பதிவு செஞ்ச சங்கம்), அதுக்கு ரூல் தனி.

ஆர்மி பப்ளிக் ஸ்கூலும் சொசைட்டி தான், அரசு வேலை கிடையாது. பிஎஃப், கிராஜுவிட்டி (வேலைய விட்டு போகும்போது மொத்தமா தர்ற பணம்), இது ரெண்டு தான் நம்ம கையில. பிஎஃப் பென்ஷனுக்கு 10 வருஷம் சர்வீஸ், 58 வயசு. சம்பளத்த சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70ஆல வகுக்கணும், ஆனா சம்பளத்துக்கு 15,000 தான் உச்சவரம்பு, 14 வருஷம்னா தோராயமா மாசம் 3,000, அவ்ளோ தான் (காய்கறிக்கு ஆவும்!). 2014 செப்டம்பருக்கு அப்புறம் மொத மொதல்ல பிஎஃப்ல சேரும்போதே பேசிக் 15,000க்கு மேல இருந்தா அந்த பென்ஷனும் இல்ல, பாஸ்புக்ல பென்ஷன் காலத்துல பணம் ஏறுதான்னு பாத்துக்கோங்க.

கிராஜுவிட்டி டீச்சருக்கு கிடையாதுன்னு ஆபீஸ்ல சொன்னா நம்பாதீங்க, 2009ல சட்டத்த திருத்தி 1997 ஏப்ரல் 3லேர்ந்தே செல்லும்னு ஆக்கிட்டாங்க, 2022ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சி. ரெகுலர் ஸ்டாஃப்னா 5 வருஷம் போதும். கடைசி பேசிக்கும் டிஏவும் சேத்து 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி வருஷத்தால பெருக்குங்க, 26,000க்கு 10 வருஷம்னா 1,50,000.