வெள்ளாட்டுப் பாலில் சீஸ்: கொட்டிலில் தொடங்கி வேட்டித் துணி வரை

"ஆட்டுப்பாலா? வீச்சம் அடிக்குமே!" வெள்ளாட்டுப் பாலில் சீஸ் செய்கிறேன் என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் முதல் தடவை செய்த சீஸை எங்கள் வீட்டு நாயே மோந்து பார்த்து, கொஞ்சம் யோசித்துத்தான் தின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அந்த வாடையில் பெரும்பகுதி நாம் சேர்ப்பது: கிடாவிடமிருந்து, அழுக்கு மடியிலிருந்து, வெயிலில் வைத்த பால் சொம்பிலிருந்து. அதனால் அடுப்பைப் பிறகு பற்றவைத்துக்கொள்ளலாம், முதலில் கொட்டிலுக்குப் போவோம்.

எந்த ஆடு, எங்கே வாங்குவது

இரண்டு பெட்டை ஆடு போதும். ஒன்றே ஒன்று மட்டும் வாங்காதீர்கள். துணை இல்லாத வெள்ளாடு நாள் முழுக்கக் கத்தும், தீனியிலும் மனசு வைக்காது.

கன்னி, கொடி, சேலம் கருப்பு எல்லாம் நல்ல ஆடுகள்தான், ஆனால் கறிக்குப் பேர்போனவை. அவற்றின் பால் குட்டிகளுக்கே சரியாக இருக்கும். பாலுக்கென்றால் என் தேர்வு தலைச்சேரி. மலபார் கரையில் அரபு ஆடுகளும் உள்ளூர் ஆடுகளும் கலந்து உருவான இனம். நன்றாகத் தீனி போட்டால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை கறக்கலாம். வடக்கத்தி ஜமுனாபாரி இன்னும் கூடக் கறக்கும். ஆனால் அதன் உடம்புக்கும் வாய்க்கும் ஈடுகொடுக்கப் புதிதாக வளர்ப்பவர் திணறிப்போவார். படத்தில் அழகாக இருக்கிறதே என்று வெள்ளை வெளேரென்ற சுவிட்சர்லாந்து சானென் ஆட்டைத் தேடிப் போகவே வேண்டாம், நம் சித்திரை வெயிலில் அது பாவம்.

எங்கள் பக்கம், திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தை பிரசித்தம். கறிக்கு வாங்க அருமையான இடம். பால் ஆடு வாங்க நான் அங்கே போக மாட்டேன். எந்த ஆடு எங்கிருந்து வந்தது, என்ன நோயோடு வந்தது என்று கூட்டத்தில் தெரியாது, கறந்து பார்க்கவும் விடமாட்டார்கள். வளர்ப்பவர் வீட்டுக்கே விடியற்காலையில் போய்விடுங்கள். கண் முன்னால் கறக்கச் சொல்லுங்கள். கறந்த பிறகு மடி காலிப் பை மாதிரி சுருங்க வேண்டும். கறந்தும் பெரிதாகவே இருந்தால் அது வெறும் சதை மடி. இரண்டு காம்பும் ஒரே அளவில், அமுக்கினால் கட்டி தட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பல், ஆறு பல் ஆடாக (பால்பல் விழுந்து முளைத்த பல்லை எண்ணி வயதைச் சொல்லும் கணக்கு), இரண்டாவது ஈற்று முடிந்ததாக இருந்தால் உத்தமம். முதல் ஈற்று ஆடும் நீங்களும் சேர்ந்து கறக்கப் பழகுவது இருவருக்குமே தண்டனை.

கிடா வேண்டவே வேண்டாம். என் முதல் சீஸ் நாறியதற்கு முக்கியக் காரணம் கிடாதான். கொம்புக்குப் பின்னால் அதற்கு வாடைச் சுரப்பி உண்டு. பருவம் முற்றினால் தன் தாடி மேலேயே மூத்திரம் பெய்துகொள்ளும். அப்படிப்பட்ட ஆசாமியைக் கறவை ஆட்டுக்குப் பக்கத்தில் கட்டினால் அந்த நெடி ஆட்டின் ரோமம், உங்கள் கை, சட்டை வழியாகப் பாலுக்கு வந்து சேரும். பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வாலை ஆட்டிக்கொண்டே கத்தினால் அன்றைக்கோ மறுநாளோ ஊரில் யாரிடமாவது இருக்கும் பொலிகிடாவிடம் ஓட்டிப் போனால் போதும். சினைக்காலம் சுமார் 150 நாள்.

கொட்டிலும் தீனியும்

ஆட்டுக்கு 10 முதல் 15 சதுர அடி இடம் கணக்கு. வெள்ளாடு வெயிலைத் தாங்கும், குளிரையும் ஓரளவு தாங்கும், ஈரத்தை மட்டும் தாங்காது. முடிந்தால் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் மரச் சட்டம் அடித்துப் பரண் போடுங்கள். சட்டங்களுக்கு நடுவே அரை அங்குலம் இடைவெளி விட்டால் புழுக்கை கீழே விழும், குட்டியின் கால் மாட்டாது. பரணுக்குச் செலவு செய்ய முடியாவிட்டால் மேடான மண் தரையும், தினமும் பிடிக்கும் விளக்குமாறும் போதும். மேலே தென்னங்கீற்று.

தீனியில் தழைதான் ராஜா. வெள்ளாடு குனிந்து மேய்வதைவிட நிமிர்ந்து கடிப்பதையே விரும்பும். அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல், வேலிமசால், முருங்கை என்று மாற்றி மாற்றி ஆளுயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் முருங்கைத் தழைக்குப் பஞ்சமில்லை, கவாத்து வெட்டும் நாளில் சொல்லிவைத்தால் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஓர் ஆட்டுக்கு நாளைக்கு நான்கைந்து கிலோ பசுந்தழை, அரை கிலோவுக்குக் குறையாமல் கடலைக்கொடி, கறவையில் இருந்தால் 300 முதல் 400 கிராம் அடர்தீவனம் (தானியம், தவிடு, புண்ணாக்குக் கலவை), கூடவே கொஞ்சம் தாது உப்பு. கீழே விழுந்து மிதிபட்ட தழையை அது தொடாது. கலங்கிய தண்ணீரையும் அப்படியே.

மூன்று விஷயத்தில் உஷார். இளஞ்சோளப் பயிர், மரவள்ளி இலை இரண்டிலும் சயனைடு விஷம் உண்டு. மூன்றாவது சோறு. பொங்கல் மறுநாளும் கல்யாண வீட்டு மறுநாளும் கால்நடை மருத்துவர் ஓடுவது இதற்குத்தான். மிச்சச் சோற்றையும் பாயசத்தையும் பாசத்தோடு கொட்டிவிடுவார்கள். வயிற்றில் அது ஒரேயடியாகப் புளித்து அமிலமாகி, ஆடு வயிறு உப்பிப் படுத்துவிடும், பல ஆடுகள் எழுந்திருப்பதே இல்லை.

ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, கோமாரி தடுப்பூசிகளுக்கும் குடற்புழு மருந்துக்கும் அரசுக் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு நாட்காட்டியில் எழுதி மாட்டிவிடுங்கள். எந்த மருந்து போட்டாலும் "எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும்?" என்று கேட்டே ஆக வேண்டும். நம் உடம்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஆன்டிபயாடிக் கலந்த பாலில் உறைமோர்க் கிருமிகள் செத்துப்போகும், தயிரே உறையாது.

குட்டிக்குப் போக மிச்சம்

ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் குட்டிகள் சீம்பால் குடித்துவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் பால் முழுக்க அவற்றுக்கே. அதற்குள் குட்டிகள் தழையைக் கொறிக்கப் பழகிவிடும். பிறகு நான் செய்வது இது: இரவில் குட்டிகளைத் தாய்க்குத் தெரிகிற மாதிரி தனியாக அடைப்பேன். காலையில் நான் கறந்துகொள்வேன். பகல் முழுக்கக் குட்டிகள் தாயோடு. ஒரு நாளைக்கு ஒரே கறவை, முக்கால் லிட்டர் கிடைக்கும். குட்டியும் வாடாது, எனக்கும் சாயங்காலம் வேலை இல்லை.

கறப்பது

ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகை மேடை. முன்னால் ஒரு சட்டியில் அடர்தீவனம். ஆடு தானாகவே ஏறி நிற்கும். மடியை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்பு நிறக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ ரத்தச் சாயலோடோ வந்தால் மடிநோய். அந்தப் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

காம்பை இழுக்காதீர்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் மேல்பக்கத்தை அடைத்துக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழாக மூடுங்கள். பால் பீச்சியதும் கையைத் தளர்த்துங்கள். முதல் வாரம் முன்னங்கை கடுக்கும்.

எவர்சில்வர் பாத்திரத்திலேயே கறந்து, துணியில் வடிகட்டி, பாத்திரத்தை உடனே ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். வாடையைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். ஆட்டுப்பால் கொழுப்பில் கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று மூன்று அமிலங்கள் உண்டு. மூன்றுக்குமே லத்தீன் மொழியில் ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் பெயர். கொழுப்போடு பிணைந்திருக்கும்வரை அவை மூக்குக்கு எட்டாது. பாலைக் குலுக்கினாலோ வெதுவெதுப்பாகவே வைத்திருந்தாலோ பாலில் உள்ள நொதி கொழுப்பை உடைத்து அவற்றை அவிழ்த்துவிடும். காலையில் கறந்த பாலைக் கேனில் ஊற்றி வண்டியில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோய் மத்தியானம் சீஸ் செய்தவன் நான். வேறென்ன வரும்? சேமிக்கும்போதும் புதுப் பாலைச் சூட்டோடு பழைய பாலில் ஊற்றாதீர்கள். குளிரவைத்த பிறகு சேருங்கள். இரண்டு மூன்று நாள் பாலுக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம்.

பச்சையாகக் குடிக்க வேண்டாம்

"அந்தக் காலத்தில் மடியிலேயே வாய் வைத்துக் குடித்தோம்" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒரு பெரியவர் இருப்பார். மால்டா தீவின் கதை வேறு. அங்கே இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் ஒரு காய்ச்சல். 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது 1905இல்தான் தெரிந்தது. தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட் என்ற மால்டா மருத்துவர், பார்க்க ஆரோக்கியமாக இருந்த வெள்ளாடுகளிடமே அந்தக் கிருமி இருப்பதைக் காட்டினார். ஆட்டுப்பாலை நிறுத்தியதும் சிப்பாய்களிடம் காய்ச்சல் சரிந்தது. புரூசெல்லோசிஸ் என்று இன்று சொல்லும் அந்த நோய் நம் ஊர் ஆடுகளிலும் உண்டு. ஆகவே கீழே உள்ள மூன்று முறையிலும் பால் அடுப்பைப் பார்த்தே வரும்.

முதல் சீஸ்: எலுமிச்சை

2 லிட்டர் பாலை அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். அலுமினியமும் பித்தளையும் புளிப்புக்கு ஆகாது. கிளறிக்கொண்டே 85 டிகிரி வரை ஏற்றுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் ஓரத்தில் நுரை கட்டி, ஆவி நன்றாக எழும்பி, பொங்குவதற்குச் சற்று முந்தைய கட்டம். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள்.

மூன்று எலுமிச்சையின் சாற்றை வடிகட்டி, அதே அளவு தண்ணீர் கலந்து, கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரே ஒரு மெதுவான சுற்று. மொத்தமாகக் கொட்டினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். மேலே நிற்கும் தண்ணீர் பால் நிறம் போய் வெளிர்மஞ்சளாகத் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள், சாறு மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. மூடி வைத்துப் பத்து நிமிடம்.

பசும்பால் பனீர் செய்து பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஆட்டுப்பால் பெரிய கட்டியாகத் திரளாது, ரவை மாதிரி பொடியாகத் திரியும். கடையில் விற்கும் பனீர்த் துணியில் பாதி ஒழுகிவிடும். பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் தடவிச் சாப்பிடும் பதம். தட்டுக்கடியில் வைத்து அம்மிக்குழவியை ஏற்றினால் துண்டு போடும் பதம். 300 கிராம் போலக் கிடைக்கும். அரைத் தேக்கரண்டி கல்லுப்பைப் பொடித்துப் பிசைந்து, ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். பசும்பாலில் உள்ள மஞ்சள் நிறமி இதில் இல்லாததால் பால்வெள்ளையாக இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

இரண்டாவது: தயிர் சீஸ்

எனக்கு இதுதான் பிடிக்கும், வேலையும் குறைவு. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, புளிக்காத தயிர் ஒரு கரண்டி கலந்து ஆறு மணி நேரம் உறையவிடுங்கள். ஆட்டுத் தயிர் தளதளவென்றுதான் இருக்கும், உறையவில்லை என்று நினைத்து இன்னும் நான்கு மணி நேரம் வெளியே வைத்தால் புளித்துத் தொலையும். அதே வேட்டித் துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் பாத்திரத்தின் மேல் தொங்குகிற மாதிரி இரவு முழுக்க விடுங்கள். காலையில் வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். உப்பு, இடித்த மிளகு. சின்ன உருண்டைகளாக உருட்டி, தட்டில் வைத்து, மேலே செக்கு நல்லெண்ணெய் விட்டு முறுகல் தோசைக்குத் தொட்டுக்கொண்டால் அன்றைக்குச் சட்னி அரைக்க வேண்டாம்.

மூன்றாவது: ரென்னெட் போட்டு

கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள். ரென்னெட் என்பது பாலைத் திரட்டும் நொதி. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் எடுப்பார்கள். சைவ ரென்னெட் தனியாக விற்கிறது, பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள். இதற்குப் பாலைப் பொங்கவிடக் கூடாது. பொங்கிய பாலில் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் ரென்னெட் சரியாகப் பிடிக்காது. 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருந்தால் கிருமியும் சாகும், பாலும் கெடாது. இங்கே மட்டும் வெப்பமானி கட்டாயம்.

2 லிட்டர் பாலை 28 டிகிரிக்கு ஆற்றி, புது மோர் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, கொதித்து ஆறிய கால் டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு ரென்னெட் விட்டு ஊற்றி, மெதுவாகக் கலக்கி மூடிவிடுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகளில் இருபத்து நான்கு மணி நேரம் என்று இருக்கும். நம் ஊரில் பன்னிரண்டு மணி நேரத்திலேயே பாருங்கள்: ஓரம் விட்டு, மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் போதும். கோடையில் பாத்திரத்தை அகலமான தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைப்பேன். மார்கழி இரவென்றால் அடுக்களை மூலையே போதும். பிறகு வழக்கம்போலத் துணி, ஆறு மணி நேரத் தொங்கல், உப்பு.

எந்த முறையில் செய்தாலும் மூடிபோட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசையவும், புளி குறைத்துக்கொண்டு ரசம் வைக்கவும் பயன்படுத்தலாம். மிச்சத்தை எங்கள் வீட்டுக் கோழிகள் தவிட்டில் பிசைந்து கொடுத்தால் சண்டை போட்டுத் தின்னும். ஆடுகளிடமும் ஒரு தடவை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன.