மெக்கானிக்கல் வால்வு வைத்தபின்: ஐ.என்.ஆரைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

கெட்டுப்போன இதய வால்வுக்குப் பதிலாகப் பொருத்தும் மெக்கானிக்கல் வால்வு எளிதில் தேயாது. சிக்கல் வேறு இடத்தில். ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள் என்பதால் அதன் ஓரத்தில் ரத்தம் உறையப் பார்க்கும். உறைகட்டி படிந்தால் வால்வின் தகடு அசையாமல் சிக்கிக்கொள்ளும். கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் ஆயுள் முழுக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் என்ற, ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை. வால்வு அடைத்து வருகிறவர்களில் பெரும்பாலோர் மாத்திரையை விட்டவர்கள், அல்லது ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு; எண் கூடினால் ரத்தம் மெதுவாக உறையும்) குறைவாக இருந்தும் கவனிக்காதவர்கள். டிஷ்யூ வால்வு (விலங்குத் திசுவில் செய்தது) என்றால் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரைதான் இந்த மாத்திரை. அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி பொருந்தாது.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரலா, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாயிலில் உள்ள அயோர்டிக்கா), என்ன மாடல், ஐ.என்.ஆர். இலக்கு எவ்வளவு. இரட்டைத் தகடு கொண்ட அயோர்டிக் வால்வுக்கு வழக்கமான இலக்கு 2 முதல் 3. மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5, ஏனென்றால் அங்கே ரத்த ஓட்டத்தின் வேகம் குறைவு, உறைய வாய்ப்பு அதிகம். இதயத் துடிப்பு சீரில்லாதவர்களுக்கும், சாயும் ஒற்றைத் தகடு கொண்ட சில மாடல்களுக்கும் இலக்கு கூடலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாகி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அந்த ஒற்றைத் தகடு வகைதான். பக்கத்து வீட்டுக்காரர் இலக்கு 2.5 என்றால் உங்களுக்கும் அதுவே என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது டெஸ்ட். நீல மூடி டியூபில் ரத்தம் எடுப்பார்கள். அதில் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் ஏற்கெனவே இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. 2.7 மி.லி. ரத்தம் பிடிக்க வேண்டிய டியூபை நரம்பு கிடைக்கவில்லை என்று பாதியில் மூடினால் சிட்ரேட் விகிதம் கூடி, ஐ.என்.ஆர். பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் வால்வில் கட்டி. ஆகவே டியூபில் கோடு வரை ரத்தம் ஏறியதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இன்னொரு டியூபில் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். வீடு திரும்பியதும் வாரம் ஒன்றிரண்டு முறை, நிலைப்பட்டபின் மாதம் ஒருமுறை.

அளவை நாள் கணக்கில் பார்க்காமல் வாரக் கணக்கில் பார்ப்பதுதான் சூட்சுமம். ஐ.என்.ஆர். கொஞ்சம் விலகினால் டாக்டர் வார மொத்தத்தில் 5 முதல் 20 சதவீதம் வரைதான் மாற்றுவார். தினமும் அசிட்ரோம் 2 மி.கி. என்றால் வாரத்துக்கு 14. ஞாயிறு மட்டும் 3 என்றால் 15. ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. ஞாயிறும் புதனும் 3 என்றால் 16, 14 சதவீதம். தினமும் 3 என்று தாவினால் 21. ஒரேயடியாக 50 சதவீதம்! ‘ஒரு மில்லிதானே’ என்று தானாகக் கூட்டுபவர்கள் ரத்தம் கக்குவது இப்படித்தான். அளவை மாற்றியபின் 5 முதல் 7 நாளில் மறுபடி டெஸ்ட். எந்தக் கிழமை எத்தனை மி.கி. என்று காலண்டரிலேயே எழுதிவையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வாங்கும்போது பெயரோடு மி.கி.யையும் படியுங்கள். அசிட்ரோம் ஸ்டாக் இல்லை என்று அதே மி.கி.யில் வார்ஃபரின் கொடுத்தாலோ, வார்ஃபரினுக்குப் பதில் அசிட்ரோம் கொடுத்தாலோ வாங்காதீர்கள். இரண்டும் ஒன்றல்ல, அசிட்ரோம் தோராயமாகப் பாதி அளவே அதே வேலையைச் செய்யும்.

மாத்திரை தினமும் மாலையில் ஒரே நேரத்தில். மறந்துபோய் அன்றிரவே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிடுங்கள். சேர்த்து இரண்டு போடக் கூடாது. விட்ட நாளை நோட்டில் குறித்து, டெஸ்டின்போது சொல்லுங்கள். அசிட்ரோம் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறும் என்பதால் ஒரு வேளை விட்டாலும் வார்ஃபரினைவிட வேகமாக ஐ.என்.ஆர். இறங்கும்.

கீரையே கூடாது என்று பல வீடுகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். தேவையில்லை. முருங்கைக்கீரை, பசலை, முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் அப்படியே சாப்பிட்டால் மாத்திரை அளவு அதற்குத் தகுந்தபடி அமைந்துவிடும். ஒரு வாரம் தினமும் கீரை, மறு வாரம் சுத்தமாக இல்லை என்பதுதான் கெடுக்கும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடந்தாலும், வாந்தி, பேதி, காய்ச்சலில் சாப்பாடு இறங்காவிட்டாலும் ஐ.என்.ஆர். எகிறும்.

உணவைவிட மற்ற மருந்துகள்தான் பெரிய வில்லன். பேதிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் மூன்றும் ஐ.என்.ஆரை நன்றாக ஏற்றிவிடும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல் கூட! இப்படி ஏதாவது தொடங்கினால் 3 முதல் 5 நாளில் டெஸ்ட். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர், ஐ.என்.ஆரை இறக்கும். அதனால் மாத்திரையைக் கூட்டியிருப்பார்கள். காசநோய் கோர்ஸ் முடிந்ததும் கூட்டியதைக் குறைக்காவிட்டால் சில வாரங்களில் ரத்தப்போக்கு. வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், வயிற்றில் ரத்தம் கசியும். பாராசிட்டமால் போதும், அதுவும் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் பல நாள் போகக் கூடாது. டபிகாட்ரான், அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைகளுக்கு டெஸ்டே வேண்டாம் என்று யாராவது சொன்னாலும் மெக்கானிக்கல் வால்வுக்கு அவை ஆகாது. இரண்டையும் வைத்து நடந்த ஆய்வுகள், உறைகட்டிப் பிரச்சினை கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டன.

பல் பிடுங்குவதற்கு முதல் நாள் ஐ.என்.ஆர். பாருங்கள். இலக்குக்குள் இருந்தால் ஒரு பல் எடுக்கப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. தையல் போட்டு, பஞ்சு வைத்து அழுத்தினாலே ரத்தம் நிற்கும். நிறுத்தச் சொன்னால் இதய டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வால்வில் கிருமி தொற்றாமலிருக்க 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அசித்ரோமைசின் 500 மி.கி. என்பது பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் 21 நாளுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை ஆபரேஷனோடு முடிந்தது என்று தானாக விடக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்காமல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

கல்யாணமான பெண்கள் கர்ப்பத்தைத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 6 முதல் 12 வாரத்தில் இந்த மாத்திரை கருவைப் பாதிக்கலாம்; பயந்துபோய் நிறுத்தினால் தாயின் வால்வு அடைக்கும். நாள் தள்ளிப்போன உடனேயே டெஸ்ட் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவதா, மாத்திரையைத் தொடர்வதா என்று அளவைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

வால்வின் ‘டிக் டிக்’ சத்தம் மங்கிவிட்டது, கூடவே மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை என்றால் தாமதிக்காமல் எக்கோ (இதய ஸ்கேன்) வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்றாலும் அப்படியே. கறுப்பாக மலம், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி (வெளியே காயம் தெரியாவிட்டாலும்) எல்லாம் அவசரம்தான். ரத்தப்போக்கு எதுவும் இல்லாமல் ஐ.என்.ஆர். 5-க்கு மேல் என்று ரிப்போர்ட் வந்தால், அன்றைய மாத்திரையைப் போடுமுன் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வேளையை நிறுத்தி மறுபடி பார்ப்பார்கள். கேஷுவாலிட்டியில் யார் பார்த்தாலும் முதல் வாக்கியத்திலேயே வால்வு பற்றிச் சொல்லுங்கள். ஐ.என்.ஆரை இறக்க வைட்டமின் கே ஊசியைப் பெரிய அளவில் போட்டுவிட்டால் வால்வில் உறைகட்டி வரலாம்; அதன்பின் பல நாளுக்கு மாத்திரையும் சரியாகப் பிடிக்காது.