எம்எக்ஸ்-5க்கு நிலையான முகப்பு விளக்கு
முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இல் (1989–1997) எழுந்து அமரும் விளக்கை எடுத்துவிட்டு நிலையான விளக்கு வைக்கப் போகிறீர்களா? பேட்டரி வயரைக் கழற்றி, மோட்டாரையும் விளக்குக் கூட்டையும் எடுத்தபின், காலிக் குழியில் பொருந்தும் புது மூடிக்கு முதலில் அட்டையில் மாதிரி வெட்டுங்கள். நேராக ஃபைபர்கிளாஸில் இறங்கினால் காசுதான் வீண். பானெட்டைத் திறந்து மூடிப் பாருங்கள், எங்கும் உரசக்கூடாது.

உயரம்தான் பெரிய தலைவலி. அமெரிக்க விதிப்படி விளக்கின் மையம் தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது, தாழ்ந்த மூக்குள்ள கார், அதில் ஸ்பிரிங்கை வேறு இறக்கியிருந்தால் சுலபமாகத் தவறிவிடும், அதனால் அளந்த பிறகே புரொஜெக்டர் (லென்ஸ் வழியாக ஒளியைக் குவித்து அனுப்பும் முகப்பு விளக்கு) வாங்குங்கள். அது இல்லாமல் விளக்கின் முன்கண்ணாடிக்குப் பின்னால் சும்மா பல்பை மாட்டினால் வெளிச்சம் சிதறும், எதிரே வருபவர் திட்டுவார். அப்புறம், மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பும் திருகுகளை விட்டுவிடாதீர்கள். 25 அடி தள்ளி நிறுத்திச் சுவரில் ஒளியின் மேல்விளிம்பைச் சரிசெய்ய அவை வேண்டும்.