இரும்புப் படகுக்கு ப்ரைமர்: டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள்

மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி பெயிண்ட் அடிக்கப்போகும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு: ப்ரைமர் வாங்கும்முன் கடையில் டேட்டா ஷீட்டைக் கேட்டு, ‘வால்யூம் சாலிட்ஸ்’ எத்தனை சதவீதம் என்று பாருங்கள். லிட்டர் விலையை அந்தச் சதவீதத்தால் வகுத்தால் எது உண்மையில் மலிவு என்று தெரிந்துவிடும்.

தகட்டில் தங்குவது அந்தப் பங்கு மட்டும்தான். மீதி ஆவியாகிப் போய்விடும். காய்ந்தபின் 50 மைக்ரான் கனம் வேண்டுமென்றால், 50 சதவீத ப்ரைமர் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் வரும், 80 சதவீதம் என்றால் 16. சிந்துவது, சிதறுவது தனி.

ஒரே வகைக்குள்தான் இந்தக் கணக்கு செல்லும். எபாக்ஸியோடு (ஹார்டனர் என்ற இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் வகை) எபாக்ஸியை ஒப்பிடுங்கள், அதுவும் ஹார்டனர் கலந்த பிறகான சதவீதத்தை. சாதா ரெட் ஆக்சைடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதிக்கு வேண்டவே வேண்டாம்.

பழைய பூச்சு என்னவென்று தெரியாவிட்டால், எபாக்ஸி தின்னரில் நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடம் வைத்துத் தேயுங்கள். இளகி துணியில் ஒட்டினால், சுத்தமாகச் சுரண்டி எடுக்காமல் எபாக்ஸி அடிக்காதீர்கள், சுருங்கி உரிந்துவிடும்.