கமென்ட் வரி முடிவில் தொங்கும் ஸ்பேஸை நீக்குவது எப்படி

வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிகளையும் தானாக உருவாகும் கோப்புகளையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். மீதியில், கமென்ட் (நிரலில் ஓடாத விளக்கக் குறிப்பு) குறியோடு தொடங்கி ஸ்பேஸிலோ டேபிலோ முடியும் வரிகளை மட்டும் கிட் கிரெப்பால் (git grep: நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் தேடல் கட்டளை) பட்டியலெடுத்து, அந்தக் கோப்புகளில் செட் (sed: ஒரு வடிவத்தைத் தேடி மாற்றும் கருவி) ஓட்டுங்கள். தேடும் வடிவத்தில் ஸ்பேஸ், டேப் இரண்டை மட்டும் குறிப்பிடுங்கள். 'எந்த வெற்றெழுத்தும்' என்று எழுதினால் விண்டோஸ் வரிமுடிவுக் குறியும் சேர்ந்து போய்விடும்.

பைதானில் மூன்று மேற்கோளுக்குள் இருக்கும், ஹேஷ் குறியில் (#) தொடங்கும் வரி கமென்ட் அல்ல, தரவு. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மோசமான பொறி சி மொழியில் இருக்கிறது. இரட்டைச் சாய்கோட்டுக் (//) கமென்டின் கடைசியில் பின்சாய்கோடும் (\) ஸ்பேஸும் இருந்தால், ஸ்பேஸை எடுத்ததும் சில கம்பைலர்களில் அடுத்த வரியும் கமென்டாகிவிடும். அந்த நிரல் வரி சத்தமில்லாமல் ஓடாமல் போகும். வெற்றிடத்தைப் புறக்கணிக்கும் கிட் டிஃப் (git diff -w: மாறிய வரிகளைக் காட்டும் கட்டளை) இதைக் காட்டாது; பின்சாய்கோட்டில் முடியும் கமென்டுகளைத் தனியாகத் தேடுங்கள். மற்றபடி அந்த டிஃப் காலியாக வர வேண்டும். ஒரு வரி தெரிந்தாலும் நிறுத்திப் பாருங்கள்.

வேறு எந்தத் திருத்தமும் கலக்காமல் தனி கமிட்டாக (கிட்டில் ஒன்றாகப் பதியும் மாற்றம்) போடுங்கள். அதன் 40 இலக்க ஹேஷை (கமிட்டின் அடையாளக் குறி) ஒரு கோப்பில் எழுதி, பிளேம் (git blame: ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) புறக்கணிக்கும் பட்டியலாக அமைத்தால் (2019இல் வந்த கிட் 2.23 முதல் உண்டு) வரிகளை உண்மையில் எழுதியவர் பெயர் மறையாது.