பேருந்திலும் ரயிலிலும் சந்தேகம் எழும்போது செய்ய வேண்டியவை

2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் உயிரிழந்தார்கள். எனவே, உடன் பயணிப்பவர்களைப் பற்றிய அச்சத்தை வெறும் மனப்பிராந்தி என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதே மாதம் 22ஆம் தேதி, அதே நகரின் ஸ்டாக்வெல் நிலையத்தில், பிரேசிலிலிருந்து பிழைக்க வந்திருந்த 27 வயது மின்பணியாளர் ஒருவரை, தாங்கள் தேடிய ஆள் என்று தவறாக எண்ணிக் காவலர்கள் ரயில் பெட்டிக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அவரிடம் வெடிபொருள் எதுவும் இருக்கவில்லை. பயிற்சி பெற்றவர்களின் கணிப்பே இப்படிப் பிசகும்போது, எதிர் இருக்கையில் இருந்துகொண்டு நாம் போடும் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

ஆகவே, யார் மீதாவது சந்தேகம் எழுந்தால், நீங்கள் கண்டவற்றை முதலில் மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பாருங்கள். அந்த வரிசையிலிருந்து நிறம், தாடி, முக்காடு, புரியாத மொழி ஆகியவற்றை நீக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது? ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் புகார் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. இதில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: ஊருக்குப் புதியவர் பெரிய பைகளைச் சுமந்திருப்பார், நிலையப் பலகையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார், பயணச்சீட்டு இயந்திரத்தின் முன் வியர்த்து நிற்பார், காவலரைக் கண்டால் சற்று ஒதுங்கவும் செய்வார். இவை யாவும் வழி தெரியாதவரின் இயல்பான தடுமாற்றங்கள். பதற்றத்தோடு பார்ப்பவருக்கோ இவையே சதித்திட்டத்தின் அறிகுறிகளாகத் தோன்றிவிடுகின்றன.

கேட்பாரற்றுக் கிடக்கும் பையைப் பொறுத்தவரை, பிரிட்டன் ரயில் நிலையங்களில் பின்பற்றப்படும் மூன்று கேள்விகள் எங்கும் பயன்படக்கூடியவை. அது வேண்டுமென்றே மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? கம்பி, மின்கலம், திரவம் போன்றவை வெளிப்படையாகத் தெரிகின்றனவா? அந்த இடத்தில் வழக்கமாக மறந்து விடப்படும் பொருள்தானா? இவற்றோடு, "இது யாருடைய பை?" என்று உரக்கக் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் அதிலேயே விஷயம் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் ஐயம் நீங்கவில்லை என்றால், பையைத் தொடாமல், மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு நன்றாக விலகிச் சென்ற பின்னரே கைபேசியை எடுத்து ஊழியருக்கோ காவல்துறைக்கோ தெரிவியுங்கள். பிரிட்டன் ரயில்களில் 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆபத்து உடனடியானது என்றால் 999.

தகவல் சொல்லும் விதமும் முக்கியமானது. "வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒரு மாதிரியாக இருக்கிறார்" என்பதில் காவலருக்குப் பயன்படும் செய்தி எதுவும் இல்லை. "மூன்றாவது பெட்டியில், கதவை ஒட்டிய இருக்கைக்கு அடியில் ஒரு கறுப்புப் பையைத் தள்ளிவிட்டு ஒருவர் சென்ற நிலையத்தில் இறங்கிவிட்டார்" என்பதில் இடமும் செயலும் நேரமும் இருக்கின்றன. தோற்ற அடையாளத்தை ஆளைக் கண்டுபிடிப்பதற்காகப் பிற்பாடு சொல்லலாம்; சந்தேகத்துக்குக் காரணமே அதுதான் என்று ஆகிவிடக் கூடாது.

சந்தேகிக்கப்படுபவர் நீங்களாகவே இருந்தால், கைகள் தெரியும்படி நின்று, குரலை உயர்த்தாமல் காரணத்தைக் கேளுங்கள். (அவமதிக்கப்பட்டவரே நிதானம் காக்க வேண்டியிருப்பது அநியாயம்தான், ஆனாலும் அந்த நேரத்தில் பாதுகாப்பான வழி அதுவே.) காரணம் கேட்பது திமிர் ஆகாது. நியாயமான சந்தேகம் இல்லாமலேயே வழியில் நிறுத்திச் சோதிக்க பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டம் தந்திருந்த அதிகாரம் தனிவாழ்வு உரிமையை மீறுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. காவலரின் எண், ஊழியரின் பெயர், வண்டி எண், நேரம் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். கேமரா பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களிலேயே அழிக்கப்பட்டுவிடுவதால், பதிவைப் பாதுகாக்குமாறு நிறுவனத்துக்கு உடனே எழுத்து மூலம் கோருங்கள். இங்கிலாந்தில் இன அடிப்படையில் சேவை மறுக்கப்பட்டால், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி வழக்குத் தொடர ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான அவகாசமே உண்டு.

மற்றொருவர் வசைபாடப்படுவதைக் கண்டால், வசைபாடுபவரோடு மோதுவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். 2017 மே 26 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர ரயிலில் இரண்டு இளம்பெண்களை ஒருவன் இனவெறியோடு ஏசியபோது குறுக்கிட்ட மூவரைக் கத்தியால் குத்தினான், இருவர் இறந்துபோனார்கள். அதற்காக வாளாவிருக்க வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் போய் அமர்ந்து, "அடுத்த நிலையம் எது?" என்பது போல ஏதாவது பேச்சுக் கொடுங்கள், ஏசுபவரின் பக்கம் திரும்பாதீர்கள். இன்னொரு பயணியை ஓட்டுநரிடமோ காவலரிடமோ அனுப்புங்கள். யாராவது உதவிக்கு வந்துவிட்டால், சற்றுத் தள்ளி நின்று காணொளி எடுக்கலாம். எடுத்ததைப் பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படையுங்கள். அவர் சம்மதிக்காமல் அதைச் சமூக வலைத்தளங்களில் ஏற்றாதீர்கள், ஏனெனில் குடியேற்ற விண்ணப்பம் முடிவாகாத நிலையில் இருப்பவர் தம் முகம் ஊரெங்கும் பரவுவதை விரும்பாமல் இருக்கலாம்.