பிரித்தானியாவில் விசா இன்றி வளர்ந்த பிள்ளைகள்: எந்த வயதில் எந்த விண்ணப்பம்

சிறு வயதில் பெற்றோருடன் பிரித்தானியாவுக்கு வந்து, அங்கேயே படித்து, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் வேளையில்தான் தமக்கு விசாவே இல்லை என்று அறியும் பிள்ளைகள் ஈழத்துக் குடும்பங்களிலும் உண்டு. பெற்றோரின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதால் பிள்ளைக்கும் கதவு அடைபட்டுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. பிள்ளைக்கெனத் தனி வழிகள் உள்ளன. எது பொருந்தும் என்பதைப் பிறந்த இடமும் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வயதுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

முதலில் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். 1983 ஜனவரி 1 முதல், பிரித்தானியாவில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடைப்பதில்லை. ஆயினும் அங்கே பிறந்து, முதல் 10 ஆண்டுகளையும் அங்கேயே கழித்து, அவற்றுள் எந்த ஆண்டிலும் 90 நாட்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்காதவர், 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 1(4) பிரிவின்கீழ்க் குடிமகனாகப் பதிவுசெய்துகொள்ளலாம். பெற்றோருக்கு விசா இருக்கிறதா என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. நன்னடத்தை நிபந்தனைக்கு உட்பட்டு, 18 வயதுக்குப் பின்னும் இவ்வுரிமை நிலைக்கும். இத்தகைய பிள்ளைக்கு விசா கேட்டு விண்ணப்பிப்பது வீண்செலவு.

வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களுக்கு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த ‘தனிப்பட்ட வாழ்வு’ விதிகள் பொருந்தும். இவற்றின்கீழ்த் தங்கும் அனுமதி பெற, 18 வயதுக்கு உட்பட்டவர் 7 ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அவரை நாட்டைவிட்டுப் போகச் சொல்வது நியாயமற்றது என்றும் காட்ட வேண்டும். 18 முதல் 24 வயதுவரை உள்ளவர் தம் வாழ்நாளில் பாதியையேனும் அங்கே தொடர்ந்து கழித்திருந்தால் போதும். ஒரே முறையில் 6 மாதத்துக்கு மேலோ, மொத்தமாக 550 நாட்களோ வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

இவ்விரு விதிகளுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பத்தரை வயதில் வந்த பெண்ணுக்குப் பதினேழரை வயதில் 7 ஆண்டுகள் நிறைகின்றன. 18ஆம் பிறந்தநாளுக்கு முன் அவளுக்குக் கிடைப்பது ஆறே மாதம். அதைத் தவறவிட்டால், பாதி வாழ்நாள் கணக்கு நிறைவதற்கு 21 வயதுவரை காத்திருக்க நேரும். ஆகவே வந்த தேதி, பிறந்த தேதி இரண்டையும் ஒரு தாளில் எழுதி இன்றே கணக்குப் பாருங்கள். பன்னிரண்டரை வயதுக்குப் பின் வந்தவருக்கு இந்தக் கணக்கு எட்டாது. அவர் 20 ஆண்டு வதிவிடம் போன்ற கடினமான வழிகளையே சட்டத்தரணியுடன் ஆராய வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் பலர் சான்றுகளில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அதிகாரபூர்வ ஆவணமாவது தேவை. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் குறித்த பள்ளிக் கடிதம், குடும்ப மருத்துவரிடம் உள்ள பதிவுகளின் பிரதி, தடுப்பூசி விவரம் ஆகியவை வலுவானவை. கோயிலோ அயலவரோ தரும் கடிதம் துணைச் சான்று மட்டுமே. வீடு மாறிப் பள்ளி மாறிய இடைவெளிகளைத் தனியே கவனியுங்கள். உள்துறை அமைச்சிடம் உங்களைப் பற்றிய கோப்பைக் கட்டணமின்றிக் கோரலாம். தந்தையின் பழைய அகதி விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயர் சேர்க்கப்பட்டிருந்தால், அந்தக் கோப்பே வருகைத் தேதிக்குச் சாட்சியாகும்.

விண்ணப்பக் கட்டணத்தோடு, வயது வந்தவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணமும் சேர்வதால் செலவு அதிகம். வசதியில்லாதவர் வங்கிக் கணக்கு விவரங்களுடன் கட்டண விலக்கை முதலில் கோர வேண்டும். அதன் முடிவு வந்தபின் தரப்படும் குறுகிய கெடுவுக்குள் முதன்மை விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும்.

விண்ணப்பித்தால் உங்கள் முகவரி அமைச்சின் கைக்குச் செல்லும். நிராகரிப்பு நாடுகடத்தலில் முடியவும் கூடும். எனவே சொலிசிட்டர் ஒருவரையோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவுபெற்ற ஆலோசகரையோ முன்கூட்டியே அணுகுங்கள். ‘ஊர்க்காரர், எல்லாம் பார்த்துக்கொள்வார்’ என்று பதிவில்லாதவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள். பொலிஸ் எச்சரிக்கை எதுவும் பெற்றிருந்தால், சிறுவயதில் நடந்ததாயினும், மறைக்காமல் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்தவுடன் மாணவர் கடன் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நீண்டகால வதிவிட அடிப்படையில் அதைப் பெற, படிப்புத் தொடங்குமுன் 3 ஆண்டுகள் சட்டபூர்வமாக வாழ்ந்திருக்க வேண்டும். அதனால் விண்ணப்பம் ஓராண்டு தள்ளிப்போனால் பல்கலைக்கழகமும் ஓராண்டு தள்ளிப்போகும். நிரந்தர வதிவிட விதிகளை மாற்றப்போவதாக அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அறிவித்திருப்பதால், எத்தனை ஆண்டுகளில் நிரந்தர வதிவிடம் கிடைக்கும் என்பதை விண்ணப்பிக்கும் வாரத்தில் மீண்டும் சட்டத்தரணியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.